வெள்ளிக்கிழமையைக் காணோம்

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம் திருப்பு கிருஷ்ணமூர்த்தி. திங்கக்கெழம முகம் வாட்டமா இருக்குது பாரு."

கிருஷ்ணமூர்த்தி கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே இழுத்தான். செஞ்சிக் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து, அலறுகிற குழந்தைகள், சிரிக்க மறுத்த மாப்பிள்ளைகள், ஏன், ஒரு தடவை சினை எருமையைக்கூடப் படம் எடுத்திருக்கிறான். மளிகைக்கடை ஆதிநாராயணனின் சவரக்கத்திகளைப்போல் எதுவும் அவன் உயிரை வாங்கியதில்லை.

"கத்திக்கு ஏதுண்ணே முகம்? காலையிலேர்ந்து நூறு தடவ திருப்பிட்டேன்!"

"சாதாரணக் கத்தியா இது? யானத் தந்தப் பிடிய்யா!"

பதினொரு வருடத்துக்கு முன், சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் சாமான்களை மதராஸில் ஏலம் விட்டபோது வாங்கிய பெட்டி அது. நாளுக்கு ஒன்றாக ஏழு கத்திகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர் இங்கிலீஷில் வெட்டியிருந்தது. வாங்கி வந்த வாரமே வெள்ளிக்கிழமை காணாமல் போனது. ஆதிநாராயணன் கிணற்றை இறைத்தார். பக்கத்து வீட்டு ஆட்டைச் சந்தேகப்பட்டார். ராஜகிரி மலையைப் புரட்டிப் பார்க்காததுதான் பாக்கி.

இப்போது மதராஸில் பழம்பொருள் கண்காட்சி. ஏழும் இருக்கிற படம் வந்தால்தான் பெட்டியைச் சேர்ப்போம் என்று கறாராக எழுதிவிட்டார்கள். இன்று கடைசி நாள். படத்தைக் கழுவிக் காயவைத்து, சாயங்காலத் தபாலில் போட்டாக வேண்டும்.

"ஆறுதானே இருக்குது? ஏழாவதுக்கு நான் எங்கண்ணே போவேன்?"

"உன் கேமராவுல ஏதாவது பண்ணேன்யா!"

கிருஷ்ணமூர்த்திக்கு முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. "ஒண்ணு பண்ணலாம். எதிர்ல புங்கமரத்தடியில சவரம் பண்றாரே துரைக்கண்ணு, அவருதும் வெள்ளப் பிடிதான். எண்ணிக்கைக்கு அத சொருகிடுவோம்."

"அய்யய்ய! அந்த மாட்டெலும்புக் கத்தியா? ஞாயித்துக்கெழம தவறாம அவங்கிட்டதான் மொகத்தக் குடுக்கறேன். சோப்பு பட்டதும் கண்ண மூடினா, அவன் தொடச்சு வுட்டப்புறம்தான் தொறப்பேன். அந்தக் கண்றாவியப் பாக்க எனக்கு நெஞ்சுல தெம்பு இல்ல!"

அதுவரை மூலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஆதிநாராயணனின் மனைவி ரஞ்சிதம் சட்டென்று எழுந்தாள். "ஆறே லட்சணமா இருக்குது. வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

"கண்காட்சின்னா இன்னான்னு உனக்குத் தெரியுமா? சும்மா இரு!"

மணி பன்னிரண்டு அடித்தது. ஆதிநாராயணன் இறங்கி வந்தார். "சரி, கூப்பிட்டுத் தொல."

துரைக்கண்ணு வந்தார். ஆனால் கத்தியை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"இது வேணாம் மொதலாளி. நல்லா இருக்காது."

"அது எனக்கே தெரியும். கொண்டா!"

கிருஷ்ணமூர்த்தி அதை வாங்கிப் பெட்டியில் காலியாக இருந்த பள்ளத்தில் வைத்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் சிக்கென்று உட்கார்ந்தது. துணிக்குள் தலையை நுழைத்தான். கேமராக் கண்ணாடியில் எப்போதும்போல் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. கழுத்தை ஒடித்து, ஏழாவது கத்தியின் முதுகில் தேய்ந்து கிடந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தான்.

"அண்ணே... இதுல வெள்ளிக்கெழமன்னு போட்டிருக்குது!"

ஆதிநாராயணனின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "யோவ் துரைக்கண்ணு! இது எப்படிய்யா உங்கிட்ட வந்துச்சு?"

"உங்க வூட்டம்மாதான் குடுத்தாங்க மொதலாளி. வெளக்கேத்துற வூட்ல வெள்ளிக்கெழம பேர்ல சவரக்கத்தி இருக்கக் கூடாதாம்" என்றார் துரைக்கண்ணு, தலையைச் சொறிந்தபடி. "நானும் பதினோரு வருசமா அவங்க சொல்லத் தட்டல. வெள்ளிக்கெழம மட்டும் இத வெளிய எடுக்கறதே இல்ல!"