சுவரில் தொங்கிய அம்மையார்

சினிமா பார்ப்பவர்களுக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது என்று கிறிஸ்தவ சபையில் விதி கொண்டுவந்தவர் மூப்பர் ரசலையன். மகனுக்குப் பெண் பார்க்க, மனைவி ஜெயபாயுடன் வடசேரிக்கு வந்திருந்தார். பெண்ணின் தகப்பனார் செல்வதாஸ் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக்காரியின் படம் தொங்கியது.

"இது யாரு, ஓய்?"

"அமெரிக்கா மிஷன் அம்மா. ஏழைகளுக்காவே வாழ்ந்தவ" என்றார் செல்வதாஸ்.

ரசலையன் துள்ளி எழுந்தார்.

"மிஷனா? இவ நாடகத்துல ஆடிட்டுப் படத்துக்கு வந்த நடிகையாக்கும்! திருவனந்தபுரத்துல ஓடுன படத்துல கப்பல் முங்கிச் செத்துப்போவா. இந்த வீட்டுச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். ஜெயபாய், எழும்பு!"

ஜெயபாய் அசையவில்லை. "திருவனந்தபுரத்துக்குச் சபைக் கூட்டம்னுல்லா போனீய?"

ரசலையன் தொப்பென்று உட்கார்ந்தார். செல்வதாஸ் அவர் காதருகே குனிந்தார்.

"அவ சாகல்ல, சம்பந்தி. கரை ஒதுங்கிப் பிழைச்சிருவா. கப்பல் முங்குன உடனே, விளக்குப் போடுததுக்கு முன்ன, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஓடுனது நீருதானா?"

காப்பி ஆறுவதற்குள் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள்.