படலையில் கட்டிய வேப்பிலை

கிட்ட வாங்கோ, என்ர குஞ்சுகள். இது சத்தமாய்ச் சொல்லுற கதையில்லை. சின்னக் கதைதான், ஒரு வாய் வெத்திலை போட்டு முடியிறதுக்குள்ளை முடிஞ்சிடும்.

பூவரசங்குளத்துக்கு அங்காலை, வாய்க்கால் கரையில் ஒரு குடியேற்றக் காணி. வேலிப் படலையில், வாசல் கதவில், வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

மருத்துவிச்சி மரியமலர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வேப்பிலையைக் காணாதவள் போல உள்ளே போனாள்.

பாயில் கமலாசனி தனியே கிடந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து புருஷன் வீரகத்தியோடு காடு வெட்ட வந்தவள். வீரகத்தி செத்து ஒரு போகம் கழிந்துவிட்டது.

கால் வீங்கி மினுங்கியது. மண்வெட்டி பட்ட புண்ணிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்காலை நோக்கி ஏறியிருந்தது. டொக்டர் கொடுத்த பென்சிலின் குளிசைகள் தலைமாட்டில், கடதாசிச் சரை பிரித்தபடி. பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன.

"ஏனக்கா குளிசையை விட்டனீங்கள்?"

கமலாசனி இடக்கையை நீட்டினாள். பெரியம்மை வராமல் அரசாங்க ஆட்கள் அம்மைப்பால் குத்திய இடம். அதில் ஒரு கொப்புளம் பொங்கியிருந்தது.

"அம்மாள் வந்திருக்கிறா, பிள்ளை. அவா இருக்கிற வீட்டிலை மருந்து புழங்கலாமோ?"

வழக்கம் அதுதான். அம்மாள் வந்த வீட்டில் வேப்பிலை கட்டுவார்கள். மருந்து தொடமாட்டார்கள். அயலட்டைச் சனம் படலை தாண்டாது.

ஆனால் அது அம்மை கண்ட வீட்டுக்கு. வெறும் குத்துக்காக வேப்பிலை கட்டியவர் அந்தப் பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை.

மரியமலருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கொப்புளம் வந்தால் குத்து பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். டொக்டர் உந்தக் கையைப் பாத்துப்போட்டுத்தானே குளிசை தந்தவர்? அது அம்மையை மறிக்கும், இது சீழை அறுக்கும், ரண்டுக்கும் ஒரு சண்டையுமில்லை. பாதியிலை விட்டால் கால் போகும், காலோடை நீங்களும் போவியள். உங்கட அம்மாள் கோவிச்சால், முல்லைத்தீவிலை எங்கட மாதாவிட்டைச் சொல்லிச் சமாளிக்கிறன்."

கமலாசனியும் சிரித்துவிட்டாள்.

"உது எனக்கும் தெரியும், பிள்ளை. டொக்டரும் உப்பிடித்தான் சொன்னவர்."

"பிறகேன்?"

கமலாசனி படலைப் பக்கம் பார்த்தாள்.

"என்ர மனிசன்ர அந்தியேட்டிச் சடங்கு முடிஞ்ச பிறகு இந்தப் படலையை ஒருத்தரும் திறக்கேல்லை. வேப்பிலை கட்டின பிறகும் திறக்கேல்லைத்தான். ஆனால் இப்ப, வேப்பிலையைக் கண்டுதான் சனம் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கலாமெல்லே?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"குளிசை குடிச்சால் வேப்பிலையை அவிழ்க்க வேணும். அம்மாளை ஏமாத்தேலாது."

மரியமலர் பாயருகே குந்தினாள். செம்பில் தண்ணீர் வார்த்து, ஒரு குளிசையை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். பிறகு எழுந்து குசினிக்குள் போனாள்.

"அரிசிப்பானை எதக்கா? நான் இண்டைக்கு இஞ்சைதான் சாப்பிடுறன்."

அம்மாள் வந்த வீட்டில் ஒருவரும் கை நனைப்பதில்லை.

கமலாசனி குளிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குசினியில் சுளகு தட்டுகிற சத்தம் கேட்டது.

விழுங்கினாள்.

"பிள்ளை, போகேக்கை படலையிலை கிடக்கிறதை அவிட்டுவிட்டிட்டுப் போ."

அவ்வளவுதான், குஞ்சுகள். உங்கட வீட்டு உலையிலை எந்த நாளும் ஒரு சுண்டு அரிசி கூட வேகட்டும். அதைச் சாப்பிட, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆள் வரட்டும்.