கவிழ்ந்த விளக்குகள்

கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்ற மகள் திடுக்கிட்டாள். தோளில் தொங்கிய பயணப் பையை இறக்கி வைக்கவும் மறந்துபோனாள்.

தாயின் மேல் விரித்திருந்த ஒட்டுப்போர்வையில் விளக்குகள் அத்தனையும் கவிழ்ந்து எரிந்தன. பறவைகள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. வீடுகள் கூரையில் நின்றன.

"அண்ணி!"

அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள் அண்ணி. "மெதுவாம்மா. அத்தை இப்பத்தான் கண்ணசந்தாங்க."

"போர்வையை மாத்திப் போட்டிருக்கீங்களே, பார்க்கலையா?"

"மாத்திப் போடலை. கழுத்துல உறுத்தாம இருக்க வச்ச மல்துணிப் பட்டை தலைமாட்டுலதான் இருக்கு, பாரு. தைச்சதே அப்படித்தான்."

அந்தப் போர்வைக்கான பண்டிகைத் துணியைத் தேடிப் பிடித்து அனுப்பியவளே மகள்தான். விளக்கும் பறவையும் பூவும் வீடுமாக, ஊசி குத்தவும் இடமில்லாத அச்சு. துண்டுகளை நட்சத்திரமாக வெட்டலாமா, ஏணிப்படியாக வைத்துத் தைக்கலாமா என்று அண்ணியோடு தொலைபேசியில் நான்கு நாள் விவாதம் நடந்தது. சிறிதாக வெட்டினால் பறவைக்குத் தலை ஓரிடம், வால் ஓரிடம் என்றாகிவிடும். ஆகவே பெரிய கட்டங்கள், நடுவே வெறும் நீலப் பட்டைகள் என்று முடிவாயிற்று.

'வர்றவங்க பார்த்து வாயைப் பிளக்கணும் அண்ணி' என்று அவள் சொல்லியிருந்தாள்.

"தையல் கடையில பதினாறு வருஷம் துணி வெட்டினவங்க நீங்க. மேல் எது, கீழ் எதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான்..."

"தெரிஞ்சேவா?" என்றாள் மகள். "படுத்த படுக்கையா கிடக்கிறவங்க மேல விளக்கைக் கவிழ்த்துப் போர்த்துவாங்களா? நாளைக்குப் பெரியம்மா, சித்தப்பா எல்லாரும் வர்றாங்க. பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்..."

"கேட்டது போதும். பண்டிகை முடிஞ்சதும் அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன். உங்களுக்கும் பாரம் குறையும்."

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"யாரது, என் வாயாடியா?" தாய் கண் விழித்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாக மல்லாந்தே கிடப்பவள். "வந்ததும் வராததுமா என் மருமகளோட என்னடி சண்டை?"

"நீயே பாரும்மா, உன் போர்வையை!"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். எனக்கு வேற என்ன உத்தியோகம்? இங்க வா. என் பக்கத்துல தலையை வை."

"இப்ப எதுக்கும்மா..."

"வைடீன்னா."

மகள் தரையில் மண்டியிட்டாள். தாயின் தலையணையில், தாயின் கன்னத்தோடு கன்னம் படச் சாய்ந்தாள். அங்கிருந்து போர்வையைப் பார்த்தாள்.

விளக்குகள் நிமிர்ந்து எரிந்தன. வீடுகள் தரையில் நின்றன. பறவைகள் சிறகை விரித்து நேராகப் பறந்துகொண்டிருந்தன.

"மொத்தம் இருபத்துமூணு பறவை" என்றாள் தாய். "அந்த மூலையில இருக்கிறதுக்கு அப்படியே உன் மூக்கு."

மகள் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

தான் சற்று முன் நின்ற அதே கால்மாட்டில், இப்போது அண்ணி நின்றுகொண்டிருந்தாள். நாள் முழுதும் நின்று பணிவிடை செய்கிற அவள் கண்ணுக்கு, அவள் தைத்த போர்வை என்றைக்கும் தலைகீழாகத்தான் தெரியும்.