அச்சு அசல் அதிர்வு

"சார், வெடிக்க இன்னும் மூணே நிமிஷம்!"

பொறியாளருக்கு உட்காரவே முடியவில்லை. மேசைமேல் அவள் மூன்று வருடமாகக் கட்டிய மின்சுற்றுப் பலகை. அதிலிருந்த செம்புக் கம்பிச் சுருள்கள்தான் மலையின் கனம். கண்டென்சர்கள், பாறை வளைந்து நிமிரும் குணம். ரெசிஸ்டர்கள், அதிர்வை விழுங்கும் மண். பட்டனை அமுக்கினால் போதும், குவாரியில் வெடி வைத்தால் நிலம் எப்படி ஆடும் என்று திரையில் நீலக் கோடு ஓடிக் காட்டும்.

"கம்பிச் சுருளுக்கு மலையைப் பத்தி என்னம்மா தெரியும்?" மேலாளர் கொட்டாவி விட்டார். "இன்னிக்கு நிஜ அதிர்வோட பொருந்தலைன்னா இதை எடைக்குப் போட்டுடுவேன். அடிவாரத்து நாற்பது குடும்பமும் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்."

"பொருந்தும் சார்! நீலக் கோடு சொல்றபடி நிலம் ஆடினா அந்த வீடுகள்ல ஒரு கீறல்கூட விழாது. நிஜ அதிர்வு சிவப்புக் கோடா வரும். நிலத்து அதிர்வைப் பதியற ரெக்கார்டரைக் காலையிலேயே என் பலகையில மாட்டிச் சோதிச்சுட்டேன். கச்சிதமா வேலை செய்யுது."

வாக்கிடாக்கி கரகரத்தது. மலைக்கு அந்தப் பக்கம் வெடி வைப்பது அவள் கணவர்தான்.

"ரெடியா? சத்தம் அங்க கேட்காது, திரையைப் பார்த்துக்கோ. மூணு... ரெண்டு... ஒண்ணு..."

பட்டனை அமுக்கினாள். நீலக் கோடு துள்ளியது. கூடவே சிவப்புக் கோடும் துள்ளியது. ஏற்றம், இறக்கம், கடைசிக் குட்டி நடுக்கம் வரை மயிரிழை விலகவில்லை!

"சார்! அச்சு அசல் சார்!" அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மேலாளர் துள்ளி எழுந்தார். "எனக்குக் காலடியிலயே தெரிஞ்சுதும்மா, தரை குலுங்கினது! முப்பது வருஷ அனுபவம், இந்தக் கால் பொய் சொல்லுமா? உன் பலகை ஜெயிக்கும்னு நான் அப்பவே நினைச்சேன். யாரும் காலி பண்ண வேணாம்னு கையெழுத்துப் போடறேன், கொண்டா காகிதத்தை!"

அவர் பேனாவைத் திறக்கவும் வாக்கிடாக்கி மறுபடி கரகரக்கவும் சரியாக இருந்தது.

"கோவிச்சுக்காதேம்மா. இங்க ஒயர் அறுந்துபோச்சு, மாத்திக்கிட்டிருக்கோம். இன்னும் வெடிக்கவே இல்லை."

மேலாளர் மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவள் குனிந்து ரெக்கார்டரின் ஒயரைப் பார்த்தாள். காலையில் சோதிக்க மாட்டியது, இன்னும் அவள் பலகையிலேயே இருந்தது.