வார்த்தையை முழுங்குகிறவள்

"பெட்ரீசியா வேணாம். அவ்வளவுதான்."

சவரிநாதன் சொன்னால் சொன்னதுதான். ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் மாஸ்டர். மற்ற நாட்களில் ஆணி பேக்டரியில் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவர்.

பெரிய வெள்ளிக்கு ஆர்கன் வாசிப்பதில்லை. மாதாவின் புலம்பலை ஒற்றைக் குரல்தான் பாட வேண்டும். அது யார் குரல் என்பதுதான் இப்போது அவர் வீட்டு ஹாலில் சண்டை.

"அவளுக்கு இதாண்ணே கடைசி வருசம்" என்றான் யேசுதாசன். ஆர்கன் வாசிக்கிறவன். "ஈஸ்டர் முடிஞ்சா கல்யாணம். தஞ்சோங் மாலிம் போயிருவா. போன வருசமும் நீங்க குடுக்கல."

"குரல் இருந்து என்னா? வார்த்தைய முழுங்குறா. 'ச' இல்ல, 'த' இல்ல. துணைக்கு ஆர்கனும் இல்லாதப்ப கோயில்ல யாருக்குப் புரியும்?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குதுலா."

"உனக்குக் கட்டைய அமுக்கத்தான் தெரியும்."

பெட்ரீசியா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. குறையை முகத்துக்கு நேரே சொல்வதில் மாஸ்டருக்கு ஒரு பெருமை.

"பாடுறதுன்னா எப்படின்னு காட்டுறேன். இசபெல்லா, அந்த டிஸ்க்கப் போடு."

சிடி பிளேயர் புதிதாக வந்திருந்த சமயம் அது. ஈப்போவில் யார் யார் வீட்டில் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். சவரிநாதன் போன வருஷம் போனஸில் வாங்கி, லேஸ் துணி போட்டு மூடி, சுவாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். துடைப்பதும் டிஸ்க் போடுவதும் மனைவி இசபெல்லாவின் வேலை. ஐயா சோபாவில் உட்கார்ந்து கேட்பதோடு சரி.

"இப்ப வேணாங்க. தவக்காலம்" என்று தயங்கினாள் இசபெல்லா.

"பக்திப் பாட்டுதானே. போடு."

போட்டாள். டிஸ்க்கில் ஒரு பெண் பாட ஆரம்பித்ததும் யேசுதாசன் காதைப் பொத்திக்கொண்டான். பெட்ரீசியாவும் முகம் சுளித்தாள்.

"என்னாண்ணே, தகரத்தக் கீறுற மாதிரி இருக்கு? காது கூசுதுலா."

சவரிநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குத் தேனாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழுந்தது.

யேசுதாசன் குனிந்து லேஸ் துணியை விலக்கினான். ஆம்பிளிஃபையரின் முகத்தில் வரிசையாகக் குமிழ்கள். கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் டிரெபிள் குமிழ்கள் எல்லாம் உச்சியில். கனத்த சத்தத்துக்கான பாஸ் குமிழ்கள் அடிமட்டத்தில்.

"யாரு இதுல கைய வச்சது?"

"நாந்தான்" என்றாள் இசபெல்லா.

அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"தோட்டத்து லயத்து வீட்டுல ஓட்ட ரேடியோ கேட்டு வளந்தவளுக்கு இதப்பத்தி என்னா தெரியும்? எல்லாக் குமிழும் நடுவுல இருக்கணும்னு புக்குல படம் போட்டிருக்கான். நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்கிட்டியே."

"எனக்குக் காது மந்தங்க. அப்படி வச்சாத்தான் கேக்குது."

"அப்ப நீ கேக்காத."

குமிழ்களை அவரே நடுவுக்கு இழுத்துவிட்டார். பாட்டை முதலிலிருந்து போட்டார்.

யேசுதாசன் முகம் மலர்ந்தது. "இதாண்ணே பாட்டு. என்னா தெளிவு."

பெட்ரீசியாவும் தன்னை மறந்து தலையாட்டினாள்.

சவரிநாதன் காதைச் சாய்த்தார். எழுந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றார். போர்வைக்குள் இருந்து யாரோ பாடுவது மாதிரி இருந்தது.

"என்னா இவளும் வார்த்தைய முழுங்குறா?"

யேசுதாசன் தரையைப் பார்த்தான்.

வாயை விட்டு வந்த பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. பேக்டரி இரைச்சலில் பக்கத்து மிஷின்காரனோடு கையைக் காட்டித்தான் பேச முடியும். அப்படியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து ஏத்தி வைக்கிற?" என்று மனைவியைக் கேட்டார்.

"வாங்கின புதுசுலயே. சத்தம் மங்கலா இருக்குன்னு கடைக்காரத் தவுக்கேயோட சண்டைக்குப் போனீங்க. அவன் வீட்டுக்கே வந்து பாத்துட்டு, மிஷின் நல்லாத்தான் இருக்குன்னான். நீங்க நம்பல. ஒரு நாளு சும்மா ஏத்தி வச்சுப் பாத்தேன். ஆ, இப்ப சரியாயிருச்சுன்னீங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பாட்டையே விட்டுருவீங்க. அப்புறம் உங்களுக்கு வேற என்னா இருக்கு?"

சவரிநாதன் எழுந்து போய் அந்தக் குமிழ்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெட்ரீசியா பக்கம் திரும்பினார். அவர் குரல் அவ்வளவு தணிந்து அவர்கள் கேட்டதில்லை.

"பெரிய வெள்ளிக்கு நீ பாடும்மா."

"வேணாம் மாஸ்டர்."

"கோவமா?"

"கோவம் இல்ல. முழுங்குற, முழுங்குறன்னு சொல்லிச் சொல்லி, இப்ப வாயத் தொறந்தாலே பயமா இருக்கு. வீட்டுல கூடப் பாடுறது இல்ல, மாஸ்டர்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யேசுதாசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் வெளியே போய்விட்டாள்.

இசபெல்லா பின்னாலேயே ஓடி, கேட்டருகே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் பாட்டுல ஒரு கொறையும் இல்லேன்னு எனக்குப் போன வருசமே தெரியும்மா. அதச் சொன்னா அவரு காதப் பத்தியும் சொல்லணுமேன்னுதான் சும்மா இருந்துட்டேன்."