இறங்கும் வண்டி

வண்டிக்கு அடியில் மல்லாந்தபடி ஸ்பேனரை அரைச் சுற்று திருப்பினான். காற்றுக் குழாய் கழன்று கையோடு வந்தது.

புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. அடுத்த மூச்சை இழுப்பதற்குள் வண்டி அவன் மார்பில் இறங்கிவிட்டது.

நசுக்கவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது.

கத்தப் பார்த்தான். கத்துவதற்கு மூச்சு வேண்டும். உதடு மட்டும் அசைந்தது.

இரண்டு கைகளும் மார்போடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தன. முழங்காலுக்குக் கீழே கால்கள் மட்டும் வெளியே வாசலில் கிடந்தன.

வாழ்நாளெல்லாம் லாரியோடு கிடந்தவன். நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிப் போன வழியெல்லாம் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறான். மழைக்கு ஒதுங்கியிருக்கிறான். சோறு தின்றிருக்கிறான். லாரி இரும்புப் பட்டைகளின் மேல் நிற்கிறது. அது இறங்காது.

இது காற்றுப் பைகளின் மேல் நிற்கிற கார்.

அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், பழகிய உடம்பு தானாக உள்ளே நுழைந்துவிட்டது. அடியில் முட்டுக்கட்டை வைக்கவில்லை.

ஒரு காலத்தில் மில் முதலாளி வைத்திருந்தது. காடு மேடெல்லாம் ஏறுகிற உயரம், உள்ளே தோல் இருக்கை. பழசாகி, கை மாறி மாறி அவனிடம் வந்தது. சாயங்காலம் நிமிர்ந்து நிற்கும். விடிந்து பார்த்தால் காற்று இறங்கி முன்பக்கம் மண்டியிட்டுக் கிடக்கும்.

"உங்க வண்டி கும்புட்டுக்கிட்டுக் கெடக்குதுங்க. போய் ஆசீர்வாதம் பண்ணிட்டு வாங்க."

அவன் அண்ணன் குடும்பம் வந்திருந்த அன்று அவன் மனைவி சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை.

வாசற்படியில் காலடி.

வண்டிக்கும் தரைக்கும் நடுவே இருந்த வெளிச்சப் பட்டையில் அவள் பாதங்கள் தெரிந்தன. மெட்டி போட்ட விரல்கள். நேராக அவன் கால்களிடம் வந்தன.

டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். அதன் விளிம்பில் விரலால் தட்டினாள்.

அந்த வீட்டில் சண்டை தீர்வது அப்படித்தான். மன்னிப்பு, சமாதானம் எதுவும் கிடையாது. அவள் டீயை வைத்துத் தட்டுவாள். அவன் எடுத்துக் குடித்தால் தீர்ந்தது. எடுக்காவிட்டால் கொண்டுபோய் தொட்டியில் கொட்டுவாள். அப்புறம் பேச்சு வர இன்னும் நாளாகும்.

காத்திருந்தாள்.

பின்பக்கம் எங்கோ காற்று கசிந்தது. வண்டி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

"நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னனுங்க. உங்கண்ணன் அப்படிச் சிரிச்சா அதுக்கு நானா பொறுப்பு?"

மூக்கு வழியாகத் துளி மூச்சு வந்தது. வார்த்தைக்கு அது பத்தவில்லை.

"அடுப்புலருந்து எறக்குன கையோட கொண்டாந்தேன். இத்தன வீம்பு ஆகாதுங்க மாமா."

மாமா என்று அவள் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

உடம்பில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் வலது காலுக்கு அனுப்பினான்.

கால் ஒரே ஒரு தடவை உதறியது. டம்ளர் உருண்டு போகிற சத்தம் கேட்டது.

பாதங்கள் ஓரடி பின்வாங்கின.

"எட்டி ஒதைக்கற அளவுக்கு வந்துடுச்சா? சரி. இனி நானா வந்து நிக்க மாட்டேன்."

பாதங்கள் திரும்பின. படியை நோக்கிப் போயின.

டீ கொட்டி அவன் பாதத்தை நனைத்திருக்க வேண்டும். கொதிக்கிற டீ. அவனுக்குச் சூடு தெரியவில்லை. கால் தன்னை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

படியருகே பாதங்கள் நின்றன.

அவள் திரும்பிப் பார்க்கிறாளா, முந்தானையில் கண்ணைத் துடைக்கிறாளா, கீழேயிருந்து தெரியவில்லை. வெளிச்சப் பட்டை மெலிந்துகொண்டே வந்தது. அதில் அவள் கணுக்கால் வரைதான் இருந்தது.

படியேறவோ, குனிந்து பார்க்கவோ, ஒரு குதிகால் தரையைவிட்டு எழும்பியது.