அவனுக்கு வந்த சம்மன்

தோல் ஆலைக் கழிவை ஏரியில் விடுவதைப் பற்றி நான் மூன்று கட்டுரைகள் எழுதினேன். தேவசகாயம் எழுதியது ஒன்றே ஒன்று, அதுவும் அரைப் பக்கம். ஆலைக்காரர்கள் மானநஷ்ட வழக்கு போட்டது அவன்மேல்தான். கோர்ட்டிலிருந்து வந்த சம்மனை அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். டீக்கடையில் யார் கேட்டாலும் எடுத்து விரிப்பான். மடிப்பு கிழிந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தது. "வேணும்னே டெல்லியில போட்டிருக்கான்பா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேறணும். வீட்ல அவ பேசுறதே இல்ல" என்று அவன் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

என் எழுத்தில் என்ன குறை? முதலாளியின் பெயரை ஏழு இடத்தில் போட்டிருந்தேன். மூன்று கட்டுரைகளையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஆலைக்கே அனுப்பினேன். அட்டை கையெழுத்தோடு திரும்பியது. அதன்பிறகு தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் நிற்பேன்.

இன்று உறை வந்தது, ஆலையின் முத்திரையோடு. டீக்கடைக்கு ஓடி, தேவசகாயத்தின் எதிரில், எல்லோரும் பார்க்கப் பிரித்தேன்.

ஆலை நடத்தும் நீர்நிலைப் பாதுகாப்பு விழாவின் அழைப்பிதழ். வாழ்த்துரை என்று போட்டு அதன்கீழ் என் பெயர்.

தேவசகாயம் எட்டி இரண்டு தடவை படித்தான். சிரிக்கவில்லை. சம்மனை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அழைப்பிதழின் ஒரு முனையைப் பிடித்தான்.

"மாத்திக்கலாமா?"

மறுமுனையை என் விரல்கள் விடவில்லை.